பிள்ளை யாரிடம்? தீர்ப்புக்கு முந்திய மாதங்களே முக்கியம்

கணவன் மனைவி பிரியும்போது பல குடும்பங்கள் இறுதித் தீர்ப்பையே எதிர்பார்த்துக் காத்திருக்கின்றன. “கேஸ் முடியட்டும், அப்புறம் பிள்ளையைக் கேட்டுக்கொள்ளலாம்” என்பது தோட்டத்திலும் தாமானிலும் அடிக்கடி கேட்கும் ஆலோசனை. அந்தக் காத்திருப்பே வழக்கைப் பாதிக்கலாம்.

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதாரின் மணவிலக்கு 1976ஆம் ஆண்டு சட்டச் சீர்திருத்த (திருமணம், மணவிலக்கு) சட்டத்தின் கீழ் உயர் நீதிமன்றத்தில் விசாரிக்கப்படுகிறது. அதன் 88ஆவது பிரிவு பிள்ளையின் நலனுக்கே முதலிடம் தருகிறது. 7 வயதுக்குட்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பது நல்லது என்ற அனுமானமும் அதில் உண்டு. இது பலருக்கும் தெரியும்.

அதே உட்பிரிவின் பிற்பகுதி அதிகம் பேசப்படுவதில்லை. அந்த அனுமானம் மறுக்கத்தக்கது. பராமரிப்பவரை மாற்றிப் பிள்ளையின் வாழ்க்கையைக் குலைப்பது விரும்பத்தக்கதல்ல என்பதையும் நீதிமன்றம் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது சட்டம்.

சண்டைக்குப் பிறகு தாய் மட்டும் அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 5 வயதுப் பிள்ளை அப்பா வீட்டில் பாட்டியின் கவனிப்பில் இருக்கிறது, அங்கேயே பாலர் பள்ளிக்கும் போகிறது. ஓராண்டு கழித்து விசாரணை வரும்போது, பழகிய இடத்திலிருந்து பிள்ளையை ஏன் மாற்ற வேண்டும் என்று தாய்தான் விளக்க வேண்டியிருக்கும். பிள்ளையைப் பார்க்காமலே மாதங்களைக் கடத்தும் தந்தைக்கும் இதே நிலைதான்.

எனவேதான் இடைக்கால உத்தரவு முக்கியமாகிறது. வழக்கு முடியும்வரை பிள்ளை யாரிடம் இருப்பது, மற்றவர் எப்போது சந்திப்பது என்று முன்கூட்டியே நீதிமன்றத்திடம் கேட்கலாம். இத்தகைய மனுக்கள் பெரும்பாலும் இருவரின் சத்தியப் பிரமாண வாக்குமூலங்களை வைத்தே முடிவாகின்றன. துணைவரைத் திட்டும் பக்கங்களைவிட, பள்ளிக்கு யார் கொண்டுபோய் விடுகிறார், காய்ச்சல் வந்தால் கிளினிக்கிற்கு யார் தூக்கிப் போகிறார், இரவு ஷிப்டில் பிள்ளையை யார் பார்ப்பது என்ற விவரங்களே பயன் தரும்.

உத்தரவும் தெளிவாக இருக்க வேண்டும். “வாரக் கடைசியில் பார்க்கலாம்” என்றால் வாராவாரம் தகராறுதான். நாள், நேரம், பிள்ளையை ஒப்படைக்கும் இடம், தீபாவளி, பள்ளி விடுமுறை ஆகியவற்றைக் குறித்துவிடுவது நல்லது. பிள்ளையை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகத் தடையும் கேட்கலாம். இருவரும் ஒத்துப்போனால், அதையே ஒப்புதல் உத்தரவாகப் பதிவு செய்யலாம். பெரியவர்கள் முன்னிலையில் வாய்மொழியாகப் பேசி முடித்ததை ஒருவர் மீறினால், நீதிமன்ற உத்தரவை மீறியதாக நடவடிக்கை எடுக்க முடியாது.

ஜீவனாம்சம் வரவில்லை என்று பிள்ளையைக் காட்ட மறுப்பதும், பிள்ளையைக் காட்டவில்லை என்று பணத்தை நிறுத்துவதும் இன்னொரு தவறு. இரண்டும் தனித்தனி. சந்திப்பு உத்தரவை மீறுவது நீதிமன்ற அவமதிப்பாகலாம்.

உத்தரவு கிடைத்தாலே பிள்ளை கைக்கு வந்துவிடும் என்பதும் இல்லை. இந்திரா காந்தி வழக்கு நம் சமூகம் நன்கறிந்தது. 2009இல் கைக்குழந்தையாகக் கொண்டுசெல்லப்பட்ட கடைசி மகளின் பராமரிப்பு உரிமை, 2010இல் ஈப்போ உயர் நீதிமன்றத்தால் தாய்க்கு வழங்கப்பட்டது. பிள்ளைகளின் மதமாற்றம் செல்லாது என்று 2018 ஜனவரியில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்த நாளிலும் அந்த மகள் தாயிடம் இல்லை. மற்ற வழக்குகளில் இத்தனை சிக்கல் இருக்காது. ஆனாலும் பிள்ளை எங்கே என்று தெரிந்திருக்கும்போதே நீதிமன்றத்தை நாடுவது எவ்வளவு அவசியம் என்பதை அது காட்டுகிறது.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்பதே பலரின் தயக்கம். வருமானத் தகுதி உள்ளவர்களுக்கு அரசின் சட்ட உதவித் துறை குடும்ப வழக்குகளில் உதவுகிறது. சூழ்நிலை கணிசமாக மாறினால் உத்தரவைத் திருத்தக் கேட்க 96ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆனால் மாற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு கேட்பவருடையது. ஆகவே, பிரிந்த முதல் சில வாரங்களிலேயே ஆலோசனை பெறுவது பெற்றோர் இருவருக்கும் நல்லது. பிள்ளைக்கு அது இன்னும் நல்லது.