கோப்பை பீரில் உழவருக்கு எவ்வளவு?

பாலவாக்கம் ஒரு காலத்தில் தென்னந்தோப்பும் சவுக்குத் தோப்பும் மீனவர் குப்பமும் கொண்ட கடற்கரைக் கிராமம். 2011-ஆம் ஆண்டு அது சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருபுறமும் அடுக்குமாடி வீடுகளும் உணவு விடுதிகளும் நிறைந்துள்ளன. சனி, ஞாயிறுகளில் இந்தச் சாலை வழியே புதுச்சேரிக்குச் செல்லும் கார்களுக்குக் கணக்கில்லை. அப்படிச் செல்வோரில் ஒரு சாரார் தேடிப் போவது, விடுதியிலேயே சிறு அளவில் காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுக்கும் பீரை.

இத்தகைய சிற்றாலைகள் சென்னைக்கும் வர வேண்டும் என்ற பேச்சு நகரத்தில் அவ்வப்போது எழுகிறது. அவை வந்தால் கேழ்வரகுக்கும் கம்புக்கும் புதுச் சந்தை பிறக்கும், சிறு விவசாயி செழிப்பான் என்று சொல்வோரும் உண்டு. இந்தப் பேச்சை நம்பிப் பயிர்த் திட்டத்தை மாற்றுவதற்கு முன், விவசாயப் பெருமக்கள் கணக்கைப் பார்ப்பது நல்லது.

சிற்றாலை பீர் என்பது என்ன?

பீருக்கு மூலப்பொருள் பார்லி. பார்லியை ஊறவைத்து, நான்கைந்து நாள் முளைக்கவிட்டு, பிறகு சூடான காற்றில் உலர்த்தினால் கிடைப்பது மால்ட். நம் வீடுகளில் குழந்தைகளுக்காகக் கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, மாவாக்குவது போன்ற வேலைதான் இது. முளைக்கும்போது தானியத்தில் உண்டாகும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. மால்ட்டை நொறுக்கி, வெந்நீரில் ஊறவைத்து, வடித்த சாற்றுடன் ஹாப்ஸ் என்ற கொடியின் பூவைச் சேர்த்துக் காய்ச்சுவார்கள். ஆறிய பின் ஈஸ்ட் சேர்த்து நொதிக்க விடுவார்கள். பெரிய ஆலையானாலும் சிற்றாலையானாலும் முறை ஒன்றுதான். அளவும், புதிதாக ஊற்றிக் கொடுப்பதும், விதவிதமான சுவையும்தான் வேறுபாடு.

அமெரிக்காவில் 1978-இல் வீட்டில் பீர் காய்ச்சுவதற்கு மத்தியச் சட்டம் இடம் கொடுத்த பிறகு இந்தச் சிற்றாலைகள் பெருகத் தொடங்கின. நம் நாட்டில் 2009-இல் புனேயிலும், அதை அடுத்த ஆண்டுகளில் பெங்களூரிலும் இவை வேரூன்றின. இன்று பெங்களூரு இதற்குப் பெயர்பெற்ற நகரம்.

தமிழ்நாட்டின் வரலாறு வேறு. இங்கு பீர் பெரிய ஆலைகளில் உற்பத்தியாகிறது. 2003 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் நிறுவனத்தின் கைக்கு வந்தது. கள் இறக்கி விற்பது 1987 ஜனவரியிலிருந்து தடை செய்யப்பட்டது. அந்தத் தடையை நீக்கக் கோரி விவசாய அமைப்புகள் நெடுங்காலமாகக் குரல் எழுப்பி வருகின்றன.

அரை லிட்டருக்கு இரண்டரை ரூபாய்

ஒரு லிட்டர் பீர் தயாரிக்க ஏறத்தாழ 200 கிராம் மால்ட் தேவை. முளைகட்டி உலர்த்தும்போது எடை குறைவதால், 200 கிராம் மால்ட்டுக்குச் சுமார் 250 கிராம் பார்லி வேண்டும். அரை லிட்டர் கோப்பைக்கு 125 கிராம். 2025-26 ரபி சந்தைப் பருவத்துக்கு மத்திய அரசு பார்லிக்கு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 1,980 ரூபாய். அதாவது கிலோ 19 ரூபாய் 80 காசு. அந்தக் கோப்பையில் உள்ள தானியத்தின் விலை இரண்டரை ரூபாய்!

அதே கோப்பை பெங்களூரில் பல நூறு ரூபாய்க்கு விற்கிறது. மால்ட் தரத்துக்குச் சந்தையில் கூடுதல் விலை கிடைக்கும் என்று வைத்து, இரண்டு மடங்காகவே கணக்கிட்டாலும் ஐந்து ரூபாய்தான். மீதி எல்லாம் இடத்து வாடகை, வரி, இயந்திரம், கூலி, காய்ச்சுபவரின் திறமை, விடுதியின் லாபம் என்று பிரிந்து போகிறது. இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அந்தத் தொழிலின் அமைப்பே அப்படி. ஆனால் "பீர் விற்றால் உழவர் வாழ்வார்" என்ற வாதம் இந்தக் கணக்கின் முன் நிற்காது.

மேலும், அந்த இரண்டரை ரூபாயும் தமிழ்நாட்டு உழவருக்கு வருவதில்லை. பார்லி குளிர்காலப் பயிர். ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், ஹரியானா ஆகிய மாநிலங்களில்தான் அது பெருமளவில் விளைகிறது. நீலகிரி மலையில் பழங்காலத்திலிருந்து சிறிதளவு பயிரிடப்பட்டாலும், நம் சமவெளியின் வெப்பத்துக்கு அது ஏற்றதல்ல. ஹாப்ஸ் கொடிக்கோ நீண்ட பகலும் குளிர்ந்த காலநிலையும் வேண்டும். இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் கொஞ்சம் விளைகிறது. பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்தே இறக்குமதியாகிறது.

கேழ்வரகுக்கு இடம் உண்டா?

உண்டு. சிறுதானியங்களில் முளைகட்டுவதற்கு மிகவும் ஏற்றது கேழ்வரகுதான். சிக்கிம், நேபாளம் போன்ற மலைப் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாகக் கேழ்வரகை நொதிக்க வைத்துப் பானம் தயாரிக்கிறார்கள். பெங்களூரிலும் சில சிற்றாலைகள் கேழ்வரகைச் சேர்த்துக் காய்ச்சிப் பார்த்துள்ளன. ஆனால் சந்தையின் அளவு என்ன?

நாளொன்றுக்கு 500 லிட்டர் காய்ச்சும் ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். அதற்கு நாளுக்கு 100 கிலோ மால்ட் தேவை. அதில் ஐந்தில் ஒரு பங்கு கேழ்வரகு மால்ட் என்றால் 20 கிலோ. தானியமாகச் சுமார் 25 கிலோ. ஆண்டில் 300 நாள் ஓடினால் ஏழரை டன். ஏக்கருக்கு ஒரு டன் விளைச்சல் என்று கொண்டால், ஓர் ஆலைக்கு ஏழு அல்லது எட்டு ஏக்கர் கேழ்வரகே போதும். பத்து ஆலைகள் வந்தாலும் எண்பது ஏக்கரைத் தாண்டாது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் கேழ்வரகு விளையும் பரப்போடு ஒப்பிட்டால் இது வரப்போரம்.

அந்த எட்டு ஏக்கருக்கும் நிபந்தனைகள் கடுமையாக இருக்கும். மால்ட்டுக்கு வாங்குவோர் முளைப்புத் திறன் நூற்றுக்கு 95-க்குக் குறையாமல் கேட்பார்கள். மணிகள் ஒரே அளவாக, ஒரே இரகமாக இருக்க வேண்டும். மழையில் நனைந்ததும் பூஞ்சணம் பிடித்ததும் தள்ளப்படும். பார்லியில் தழைச்சத்து உரத்தை அதிகமாக இட்டுப் புரதம் கூடிவிட்டால், விளைச்சல் மிகுந்தும் சரக்கு திரும்பி வந்துவிடும். இந்தத் தரக் கட்டுப்பாட்டைக் கற்றுக்கொள்வது நல்லதுதான். ஆனால் அந்த உழைப்பைக் குழந்தைகளுக்கான கேழ்வரகு மால்ட் மாவில் செலவிட்டால் வாங்குவோர் பல மடங்கு. அத்தியந்தல் சிறுதானிய ஆராய்ச்சி மையத்தை அணுகினால் இரகம், விதை பற்றிய யோசனைகளைப் பெறலாம்.

மாட்டுக்குக் கிடைப்பது

பீர் ஆலையிலிருந்து சிறு விவசாயிக்கு நேராகக் கிடைக்கக்கூடிய பயன் ஒன்று உண்டு. அது சக்கை. சாறு வடித்த பின் மிஞ்சும் ஈரச் சக்கை, லிட்டர் பீருக்கு ஏறத்தாழ 200 கிராம். 500 லிட்டர் காய்ச்சும் ஆலையில் நாளுக்கு 100 கிலோ கிடைக்கும். இதில் முக்கால் பங்குக்கு மேல் நீர். உலர் எடையில் புரதம் நூற்றுக்கு 20-க்கு மேல் உள்ளது. ஆகவே இது நல்ல தீவனம்.

ஆனால் கவனமாகக் கையாள வேண்டும். நம் வெயிலில் ஈரச் சக்கை ஓரிரு நாளில் புளித்துக் கெட்டுவிடும். பூஞ்சணம் பிடித்த சக்கையைக் கொடுத்தால் அதன் நஞ்சு பாலிலும் இறங்கும். கறவை மாட்டுக்கு முதலில் ஒரு கிலோவில் தொடங்கி, படிப்படியாக நாளுக்கு 5 கிலோ வரை உயர்த்தலாம். இதில் சுண்ணாம்புச் சத்து குறைவு. தாது உப்புக் கலவையைச் சேர்த்தே கொடுக்க வேண்டும். பசுந்தீவனத்துக்கும் வைக்கோலுக்கும் இது மாற்றாகாது. தொலைவிலிருந்து வண்டி வைத்துக் கொண்டுவந்தால் தண்ணீருக்கு வாடகை கொடுத்ததாக முடியும். ஆலைக்குப் பக்கத்தில் உள்ளவர்களுக்கே இது கட்டும்.

தண்ணீர்க் கணக்கு

ஒரு லிட்டர் பீருக்குப் பல லிட்டர் தண்ணீர் செலவாகிறது. கழுவுவதற்கும் குளிர்விப்பதற்குமே பெரும்பகுதி போகிறது. திருவான்மியூரிலிருந்து பாலவாக்கம் வழியாகத் தெற்கே நீளும் கரையோர மணற்பரப்பில், மழைநீர் தேங்கிய நன்னீர் கடல்நீரின் மேல் மெல்லிய படலமாக நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு ஏறிவிடும். 2019 கோடையில் சென்னை குடிநீருக்குப் பட்ட பாட்டையும், 2024 கோடையில் பெங்களூரு பட்ட பாட்டையும் யாரும் மறந்திருக்க முடியாது. நகரம் தண்ணீருக்குத் தவிக்கும்போது லாரிகள் போய் நிற்பது சுற்றுப்புறக் கிராமங்களின் விவசாயக் கிணறுகளில்தான். புதிய ஆலை எதுவானாலும் இந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்.

மரத்திலேயே இருக்கிறது பானம்

நகரத்து வாடிக்கையாளர் சிற்றாலை பீரில் எதற்கு விலை கொடுக்கிறார்? புதிதாக இருப்பதற்கு, இன்ன இடத்தில் இன்னார் செய்தது என்று தெரிவதற்கு, ஆலைச் சரக்கின் ஒரே சுவையிலிருந்து மாறியிருப்பதற்கு. இந்த மூன்றும் பதநீருக்கு இயல்பாகவே உண்டு. மதுவின் கேடு மட்டும் அதில் இல்லை. குடியால் எத்தனை சிறு விவசாயிகளின் வீட்டில் விதைப் பணம் கரைகிறது என்பது கிராமத்தில் உள்ள எல்லோருக்கும் தெரியும்.

பனை நம் மாநில மரம். கோடையில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்தில் நுங்கும் பதநீரும் விற்பதை இன்றும் காணலாம். பீர் கோப்பையில் உழவரின் பங்கு நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. பதநீர்க் குவளையில் மரம் உடையவருக்கும் மரம் ஏறுபவருக்குமே பெரும்பங்கு. விற்காமல் மிஞ்சியதைக் காய்ச்சினால் கருப்பட்டி. எட்டுப் பத்து லிட்டருக்கு ஒரு கிலோ கிடைக்கும்.

தென்னையிலும் இது முடியும். 2017-இல் தமிழ்நாடு அரசு தென்னையிலிருந்து நீரா இறக்க அனுமதி அளித்தது. பாளையிலிருந்து வடியும் சாற்றைப் பனிக்கட்டி வைத்த பெட்டியில் சேகரிக்கும் முறையைக் காசர்கோட்டில் உள்ள மத்தியத் தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியுள்ளது. சுண்ணாம்பு இல்லாமலே சாறு புளிக்காமல் இருக்கும்.

அப்படியிருந்தும் பதநீரும் நீராவும் நகரத்துக்குப் பரவலாக வந்து சேரவில்லை. காரணங்கள் வெளிப்படையானவை. மரம் ஏறுவோர் குறைந்துவிட்டனர். ஏறுவோருக்குக் காப்பீடும் பாதுகாப்பும் போதவில்லை. மரத்தடியிலிருந்து கடை வரை குளிர்ச்சி அறுபடாமல் கொண்டு செல்ல ஏற்பாடு இல்லை. சில மணி நேரத்தில் சாறு புளித்துவிட்டால் விதிப்படி அது கள். கலயத்தில் இருப்பது பதநீரா கள்ளா என்ற சந்தேகத்தில் தொல்லைப்படுவதாக மரமேறுவோர் நெடுநாளாகக் குறை கூறுகின்றனர்.

நகரத்துச் சிற்றாலைக்கு வழி திறப்பது பற்றி அரசு எப்போது யோசித்தாலும், உழவரின் மரத்துக்கு வழியை அதற்கு முன் திறக்க வேண்டும். வெளிமாநிலத் தானியத்தில் காய்ச்சிய பானத்துக்குச் சலுகையும், சொந்த மரத்தின் இனிப்புச் சாற்றுக்குச் சந்தேகமும் என்பது நியாயமாகாது. மரமேறும் பயிற்சி, விபத்துக் காப்பீடு, வட்டாரந்தோறும் குளிரூட்டு நிலையம், எளிய உரிமம் ஆகிய நான்கும் கிடைத்தால் போதும். மீதியை விவசாயிகள் பார்த்துக்கொள்வார்கள்.

விவசாயிகளின் பங்குக்கும் வேலை இருக்கிறது. பத்து மரம் உள்ளவர் தனியே நகரத்துக்குப் போய் விற்க முடியாது. ஐம்பது பேர் உற்பத்தியாளர் குழுவாகச் சேர்ந்தால் குளிர்பெட்டியும் வண்டியும் வாங்கலாம். கலயத்தையும் பாளை சீவும் கத்தியையும் தூய்மையாக வைத்து, இறக்கிய நேரத்தையும் ஊரின் பெயரையும் புட்டியில் எழுதி, ஒரே தரத்தில் தொடர்ந்து கொடுத்தால், பாலவாக்கத்து அடுக்குமாடிவாசிகள் பல கல் தொலைவு கார் ஓட்டிப் போகாமல் வீட்டு வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள். பயிரை மாற்றும் முன் விற்கும் முறையை மாற்றிப் பார்ப்பதே இப்போது சிறு விவசாயிகள் செய்ய வேண்டியது.