முனைவர் பட்டம்: உதவித்தொகை நின்ற பிறகு என்ன வழி?

சிறுபான்மை மாணவர்களின் முனைவர் பட்ட ஆய்வுக்காக 2009 முதல் வழங்கப்பட்ட மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை, 2022-23 முதல் நிறுத்தப்படுவதாக ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் மக்களவையில் தெரிவித்தது. இதே பலனை வேறு திட்டங்களும் தருகின்றன என்பதே சொல்லப்பட்ட காரணம். ஆனால் ஓபிசி பட்டியலில் இடம்பெறாத முஸ்லிம்களுக்கு அந்த வேறு திட்டம் எது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. மக்கள்தொகையில் 14.2 விழுக்காடு உள்ள முஸ்லிம்கள், 2020-21 கணக்கெடுப்பின்படி உயர்கல்வியில் 4.6 விழுக்காடு மட்டுமே.

உரிமைக்காகக் குரல் கொடுப்பது ஒருபுறம் தொடரட்டும். திறந்திருக்கும் வாசலை நம் பிள்ளைகள் அறிந்திருக்கிறார்களா?

முதல் வாசல் நெட் தேர்வு. ஆண்டுக்கு இருமுறை, ஜூன், டிசம்பர் பருவங்களில் நடக்கிறது. 2024 ஜூன் முதல் இதன் தேர்ச்சி மூன்று வகை: உதவித்தொகையுடன் கூடிய ஜேஆர்எஃப், உதவிப் பேராசிரியர் தகுதி, முனைவர் பட்டச் சேர்க்கை மட்டும். பிந்தைய இரு வகையினருக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடும் நேர்காணலுக்கு 30 விழுக்காடும் கணக்கிடப்படும். சேர்க்கைக்கு அந்த மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும். ஜேஆர்எஃப் பெறுவோருக்கு முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய். நெட் வழியாகவே ஓபிசி மாணவர்களுக்கான தேசிய உதவித்தொகையும் உண்டு.

இங்கேதான் பலர் தவறவிடுகிறார்கள். தமிழக அரசின் பிசி முஸ்லிம் சான்றிதழ் ஒன்றிய அரசின் தேர்வுக்குப் போதாது. ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை சமூகத்தார் ஒன்றிய அரசின் ஓபிசி பட்டியலில் உள்ளனர். கிரீமிலேயரில் வராதவர் என்ற ஓபிசி சான்றிதழைத் தாசில்தார் அலுவலகத்தில் முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். முதுகலையில் 55 விழுக்காட்டுக்குப் பதில் 50 போதும் என்ற சலுகையும், ஜேஆர்எஃப்புக்கான 30 வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வும் இதனால் கிடைக்கும். பெண்கள் எப்பிரிவினராயினும் அந்த வயதுத் தளர்வு உண்டு.

அடுத்தது நெறியாளர். யுஜிசியின் 2022 விதிகளின்படி பேராசிரியர் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும்தான் ஒரே நேரத்தில் வழிநடத்தலாம். ஓய்வுக்கு மூன்றாண்டுக்கும் குறைவாக உள்ளவர் புதியவரைச் சேர்க்க முடியாது. எனவே விண்ணப்பிக்கும் முன்பே அவருடைய கட்டுரைகளைப் படித்து, இடம் இருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள். "இஸ்லாமியப் பொருளாதாரம்" என்பது தலைப்பல்ல. ஒரு மாவட்டத்தின் வட்டியில்லாக் கடன் சங்கங்கள் யாருக்குப் பயன்பட்டன என்பது ஆய்வுக் கேள்வி.

திருமணத்தோடு படிப்பு முடிந்தது என்று எண்ணும் பெற்றோரும் ஒன்றை அறிய வேண்டும். ஆய்வு மாணவிகளுக்கு 240 நாள்வரை மகப்பேறு விடுப்பும், கால வரம்பில் கூடுதலாக 2 ஆண்டுகளும் விதியிலேயே உள்ளன.

ஜேஆர்எஃப் கிடைக்காதவரின் முதல் இரண்டு ஆண்டுகளே கடினமானவை. பெரும்பாலோர் விலகுவது திறமைக் குறைவால் அல்ல, வீட்டுச் செலவால். பள்ளி, கல்லூரிக் கட்டணத்துக்கு உதவும் நம் ஜமாஅத்துகளும் பைத்துல்மால்களும் ஊருக்கு ஓர் ஆய்வு மாணவரையாவது பொறுப்பேற்றால், நம்மைப் பற்றிய ஆய்வுகளை நம் பிள்ளைகளே எழுதும் நிலை வரும்.