கொல்லையில் அடித்த "மருந்து"



மாங்கனித் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தவர்களில் நாலைந்து பேர் எங்கள் வீட்டுக் கொல்லையை எட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், போன வருஷம் காடா இருந்துச்சே, என்ன மருந்து அடிச்சீங்க?" என்று ஒரே கேள்வியைக் கேட்டார்கள். என் தம்பி மகன் போனிலும் அதையே கேட்டான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். வகுப்பில் நாற்பது நிமிடம் கேட்டவர்கள்தானே நீங்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வருஷம் எந்த மருந்தும் அடிக்கவில்லை. போன வருஷம் அடித்தேன். சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்ல வேண்டியது அதைப் பற்றித்தான்.

முட்டி வலியால் இரண்டு வருஷம் நான் கொல்லைப் பக்கமே இறங்கவில்லை. ஒன்றரை சென்ட் இடம். ஒரு காலத்தில் கத்தரியும் வெண்டையும் அவரையும் காய்த்துத் தள்ளிய மண். ஐப்பசி கார்த்திகையில் நம் ஊரில் மழை எப்படிக் கொட்டும் என்று உங்களுக்கே தெரியும். இரண்டு மழைக்காலம் போனதில் கோரையும் அருகும் பார்த்தீனியமும் இடுப்பு உயரம். போன வருஷம் மாங்கனிக்கு வந்த சொந்தக்காரர்கள் "பாம்பு வரும், ஆள் வைத்து மருந்து அடித்துவிடு" என்று ஒரே வாக்காகச் சொன்னார்கள். பாம்பு பற்றி அவர்கள் சொன்னதில் தப்பில்லை. சாரை ஒன்றை நானே பார்த்தேன்.

ஆள் வந்தார். முதுகில் டேங்க். அரை மணி நேர வேலை. காசு கொடுத்து அனுப்பினேன். என்ன தெளித்தார் என்று கேட்கவில்லை. பாட்டிலைக் காட்டச் சொல்லவில்லை. எதையும் படித்துப் பார்த்துவிட்டு வாங்கு என்று உங்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி வளர்த்தவள் நான்.

அன்று செவ்வாய்க்கிழமை. எங்கள் வீட்டில் மாமியார் காலத்திலிருந்து களையெடுக்க வரும் ஒரு அம்மா உண்டு. வேலை இல்லாத நாளிலும் சாயங்காலம் பின்பக்கமாக வந்து, தானாக முளைத்த பருப்புக்கீரை, குப்பைக்கீரை, மணத்தக்காளி என்று கைக்கு வந்ததைப் பறித்துக்கொண்டு போவார். கேட்டுவிட்டுப் பறிக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. புதன்கிழமையும் வந்திருக்கிறார். எனக்குத் தெரியாது.

அடுத்த திங்கட்கிழமை வந்து நின்று, "என்ன டீச்சரம்மா, கீரையெல்லாம் மஞ்சப் பூத்துக் கெடக்கு?" என்றார். சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "பொதங்கெழம ரெண்டு பிடி பறிச்சிட்டுப் போனேனேம்மா. பேரப்புள்ளைக்குப் பருப்புல போட்டுப் பெசஞ்சு குடுத்தேன்."

அந்த நிமிடம் எனக்குக் கை கால் ஓடவில்லை. பிள்ளையை டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்து?" அடித்தவருக்குப் போன் போட்டேன். "களைக்கு அடிக்கிற மருந்துதாம்மா" என்றார். பெயர் அவருக்கே தெரியவில்லை. நல்லவேளை, பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு மட்டும் பல ராத்திரி தூக்கம் போனது.

செடி அன்றைக்கே வாடியிருந்தால் அந்த அம்மா தொட்டிருக்க மாட்டார். அதற்குப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். கிளைபோசேட் போன்ற களைக்கொல்லிகள் இலை வழியாக வேர் வரை மெதுவாக இறங்கி வேலை செய்பவை. செடி மஞ்சளாக ஒரு வாரம் போல ஆகும். அதுவரை கீரை பச்சைப் பசேலென்றுதான் நிற்கும். பாராகுவாட் என்று இன்னொன்று இருக்கிறது. அது வயிற்றுக்குள் போனால் மாற்று மருந்தே கிடையாது. என் கொல்லையில் தெளித்தது இரண்டில் எது, இல்லை வேறு ஏதாவதா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி டப்பாக்களின் மேல் சாய்ந்த சதுரம் ஒன்று இருக்கும். கீழ்ப் பாதியில் ஒரு நிறம். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு. அடுத்து மஞ்சள், அதற்கடுத்து நீலம், கடைசியில் பச்சை. பச்சை என்றால் நஞ்சே இல்லை என்று அர்த்தமில்லை, குறைவு என்று அர்த்தம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியட்டும் என்று வைத்த அடையாளம். படிக்கத் தெரிந்த நான் பார்க்கவில்லை.

நம் பேச்சு வழக்கின் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. கொல்வதற்கு அடிப்பதை "மருந்து" என்று சொல்லிப் பழகிவிட்டோம். இருமலுக்குக் குடிப்பதும் மருந்து, புல்லைச் சாகடிப்பதும் மருந்து. களைக்கொல்லி என்று நேர்மையான சொல் ஒன்று இருக்கும்போது அதைச் சொன்னால் என்ன? "கொல்லையில் கொல்லி அடித்திருக்கிறேன்" என்று சொல்லியிருந்தால் அக்கம்பக்கத்துக்காவது எச்சரிக்கையாக இருந்திருக்கும்.

பிரான்சில் இருக்கும் என் தங்கை மகளிடம் இதைச் சொன்னபோது, "பெரியம்மா, இங்கே வீட்டுத் தோட்டத்துக்கு அதை விற்கவே மாட்டார்களே" என்றாள். 2019 ஜனவரி முதல் அங்கே சாதாரண மக்களுக்கு ரசாயனக் களைக்கொல்லி விற்பதற்குத் தடை. பூங்கா போன்ற பொது இடங்களுக்கு 2017-லேயே கட்டுப்பாடு வந்துவிட்டது. நம் நாட்டிலும் 2022 அக்டோபரில் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்களைத் தவிர வேறு யாரும் கிளைபோசேட் பயன்படுத்தக் கூடாது என்றது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் அதைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் சேர்த்தது. வேறு சில நாடுகளின் ஆணையங்கள் அப்படிச் சொல்லவில்லை. அந்தச் சண்டையைத் தீர்க்க எனக்குப் படிப்பு போதாது. நாம் சமைக்கிற, அடுத்த வீட்டார் பறிக்கிற இடத்தில் அது வேண்டாம் என்று முடிவெடுக்க இந்தப் படிப்பே போதும்.

வயலில் அடிக்கிற விவசாயியை நான் குறை சொல்லவில்லை. தயவுசெய்து அப்படிப் படிக்காதீர்கள். நாம் கடைமடை. மேட்டூரில் தண்ணீர் திறந்து நம் ஊர் வாய்க்காலுக்கு வந்து சேருவதற்குள் பருவம் பாதி போய்விடும். நாற்று விட்டு, நட்டு, தண்ணீர் கட்டி நிறுத்தினால் அந்தத் தண்ணீரே பாதிக் களையை அமுக்கிவிடும். தண்ணீரை நம்ப முடியாமல் நேரடி விதைப்புக்குப் போனால் நெல்லும் களையும் ஒன்றாகவே முளைக்கும். ஏக்கர் கணக்கில் வைத்திருப்பவர் என்ன செய்வார்? அது வேறு கதை. நான் கேட்பது ஒன்றரை சென்ட் வைத்திருக்கும் நம்மை.

"ஆள் கிடைப்பதில்லை டீச்சர்" என்பீர்கள். நானும் சொன்னவள்தான். உண்மையில் பழைய கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை, அவ்வளவுதான். பகல் முழுக்கக் குனிந்து களையெடுத்த பெண்களிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசிய வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. எது களை, எது கீரை, எது மூலிகை என்று பார்த்தவுடன் சொல்லும் அறிவு அவர்களிடம் இருந்தது. அதற்கு நாம் ஒரு நாளும் காசு கொடுத்ததில்லை.

சரி, கொல்லி அடித்த கொல்லை என்ன ஆனது? ஒன்றரை மாதத்தில் கோரை திரும்பி வந்தது. மண்ணுக்கடியில் கோரைக்கிழங்கு சங்கிலி போலக் கோத்துக்கொண்டு கிடக்கும். இலை விட்ட கிழங்குக்குத்தான் அடித்தது போய்ச் சேரும், உறங்கும் கிழங்குக்குச் சேராது. செத்துப்போனவை என் கீரைகள்தான்.

இந்தப் பங்குனியில் அந்த அம்மாவையே கூப்பிட்டேன். அவர் கேட்ட கூலிக்குப் பேரம் பேசவில்லை. காலை ஆறு மணியிலிருந்து எட்டரை வரை, ஒரு நாளைக்கு ஒரு துண்டு. முழுக் கொல்லையையும் ஒரே நாளில் முடிக்க ஆசைப்பட்டுத்தான் எல்லோரும் டேங்க்காரரைக் கூப்பிடுகிறோம். எங்களுக்குப் பதினாறு நாள் ஆனது. முதலில் கம்பால் தட்டிப் பார்த்துவிட்டு, விதை கட்டியதையெல்லாம் கருக்கரிவாளால் தலையை அறுத்துச் சாக்கில் கட்டினோம். விதை மண்ணில் கொட்டினால் இன்னும் பல வருஷத்துக்கு வேலை. பார்த்தீனியத்தைக் கையுறை போட்டுத்தான் பிடுங்கினோம், தோலில் பட்டால் அரிக்கும். கோரையை மேலே பிடித்து இழுத்தால் புல் கையோடு வரும், கிழங்கு உள்ளே சிரிக்கும். கடப்பாரையால் நெம்பி, கிழங்கோடு எடுத்து, சிமெண்ட் தரையில் பரப்பிச் சித்திரை வெயிலில் சுக்காகக் காய வைத்தோம். எருக்குழியில் போடவில்லை.

பிறகு ஒரு தண்ணீர் விட்டுச் சும்மா இருந்தோம். மேலே இருந்த விதையெல்லாம் முளைத்தது. இரண்டு இலை விட்டதும் களைக்கொட்டால் மேலாகச் சுரண்டினோம். ஆழமாகக் கொத்தக் கூடாது. கொத்தினால் அடியில் உறங்கும் விதை மேலே வந்து வெளிச்சம் பார்த்து முளைக்கும். இப்படி இரண்டு தடவை. இப்போது பாதி இடத்தில் தட்டைப்பயறு, மீதியில் சர்க்கரைவள்ளிக் கொடி. கோரைக்கு நிழல் ஆகாது. தரையைக் கொடி மூடிக்கொண்டால் அது சோர்ந்துபோகும். கறுப்பு பிளாஸ்டிக் விரிக்கலாமா என்று ஒருவன் கேட்டிருந்தான். கோரை முளை அதையும் குத்திக்கொண்டு வரும் தம்பி, காசை வீணாக்காதே.

களை முழுக்கப் போய்விடவில்லை. வாரம் ஒரு நாள் பலகை போட்டு உட்கார்ந்து அரை மணி நேரம் எடுக்கிறேன். எதைப் பிடுங்குவது என்பதை மட்டும் அந்த அம்மாதான் சொல்கிறார். கிணற்றோரம் ஒரு மூலையில் கீழாநெல்லி, பொன்னாங்கண்ணி, கரிசலாங்கண்ணி எல்லாவற்றையும் அப்படியே விட்டிருக்கிறோம். அந்த மூலை அவருடையது. முதல் ஒரு மாதம் அவர் அங்கே கை வைக்கவே இல்லை. போன வாரம்தான் மணத்தக்காளி ஒரு பிடி பறித்தார். பறிக்கும் முன் என்னைத் திரும்பிப் பார்த்தார். முன்பெல்லாம் அப்படிப் பார்க்க மாட்டார்.

ஆடிப்பட்டத்துக்கு வெண்டையும் கொத்தவரையும் போடப் போகிறேன். நாட்டு விதை கைவசம் இருப்பவர்கள் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன். இன்னொன்று, என் களைக்கொட்டின் பிடி ஆடுகிறது. திருநள்ளாறு பக்கமோ நெடுங்காடு பக்கமோ கைவேலையாக அடித்துக் கொடுக்கும் பட்டறை இன்னும் இருந்தால் கீழே எழுதுங்கள். கடையில் விற்பது இரண்டே நாளில் வளைந்துவிடுகிறது.