ஆண்டு விழா வீடியோவுக்கு என்ன பூட்டு?

காரைக்கால் பக்கம் ஒரு பள்ளியில் ஆண்டு விழா என்றால், அம்மையார் வேஷம் கட்ட ஒரு குழந்தை எப்படியும் இருக்கும். ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழம் இறைக்கிற ஊர் அது. பரமதத்தன் கொடுத்தனுப்பிய இரண்டு பழத்தில் ஒன்று எங்கே போனது என்பது அங்கே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

அந்த ஊரில் ஒரு பள்ளியை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் எதற்கு? நெடுங்காடு பக்கமாகவோ திருமலைராயன்பட்டினம் பக்கமாகவோ இருக்கட்டும். பெண் பிள்ளைகளின் கழிவறைக்குக் கதவு சரியில்லை, தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது. பெற்றோர் கூடிப் பேசுகிறார்கள். ஓர் அம்மா சொல்கிறார்: "நாடகத்தை நல்லா வீடியோ எடுத்து, பென் டிரைவில் போட்டு 200 ரூபாய்னு விற்கலாமே. யார் வாங்காம இருப்பாங்க?"

முதல் வாரம் நாற்பது போகிறது. அதற்கப்புறம் ஒன்றுகூடப் போகவில்லை. வாங்கிய நாற்பது பேரில் யாரோ ஒருவர் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் முழு வீடியோவையும் போட்டுவிட்டார். பிரான்சில் இருக்கும் 'சொல்தா' தாத்தாகூட அன்று ராத்திரியே பார்த்துவிட்டு, "பேத்தி நல்லா ஆடுறா" என்று போன் செய்கிறார். போட்டவரைத் திருடன் என்று சொல்ல முடியுமா? அவர் சந்தோஷத்தில் போட்டார். அதே மனிதர் 'திருட்டு விசிடி' என்ற வார்த்தையைக் கேட்டால் முகம் சுளிப்பார். கழிவறைக் கதவு மட்டும் அப்படியே நிற்கிறது.

இப்போது எல்லோரும் கேட்கிற கேள்வி, காப்பி எடுக்க முடியாதபடி பூட்ட முடியாதா என்பது. முடியாது. பெரிய ஹாலிவுட் கம்பெனிகள் சேர்ந்து டிவிடிக்குப் போட்ட பூட்டையே 1999-ல் திறந்துவிட்டார்கள். அந்த மென்பொருளை எழுதியவர்களில் ஒருவர் நார்வேயைச் சேர்ந்த 15 வயதுப் பையன். எந்தப் பூட்டு போட்டாலும் படம் கடைசியில் திரையில் தெரிந்தாக வேண்டும். தெரிந்தால் எதிரே இன்னொரு போனைப் பிடித்து எடுத்துக்கொள்வார்கள். காசு கொடுத்துப் பூட்டு மென்பொருள் வாங்குவதற்கு அந்தக் காசிலேயே கதவு வாங்கிவிடலாம்.

பூட்டு இல்லையென்றால் வேறு வழியே இல்லை என்று அர்த்தமில்லை. முதலில் இந்த வீடியோவை யார் வாங்குவார்கள் என்று யோசிக்க வேண்டும். அதில் ஆடிய பிள்ளையின் வீட்டார்தான். ஊரில் வேறு யாரும் வாங்கப்போவதில்லை. அப்படியென்றால் விழா முடிந்து கடை விரிப்பது தவறு. விழா அழைப்பிதழோடு சேர்த்தே ஆர்டர் சீட்டு கொடுத்து, பணம் வந்த பிறகு எடிட் செய்ய உட்கார வேண்டும். எல்லோரும் கட்டியபின் ஒரே நாளில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டால், அதற்கப்புறம் அது எந்தக் குழுவில் சுற்றினாலும் நஷ்டம் சொற்பம். அதோடு வாங்கியவர் வீட்டுப் பெயரைத் திரையின் ஓரத்தில் சின்னதாக வரும்படி செய்துவிடலாம். 'இது இன்னார் குடும்பப் பிரதி' என்று தெரிகிற படத்தை அனுப்ப யாருக்கும் கை கொஞ்சம் கூசும். நாற்பது பிரதிக்குத் தனித்தனியாகச் செய்வது அலுப்பான வேலைதான். ஒரு நாள் ராத்திரி கண் விழிக்க வேண்டியிருக்கும்.

யூடியூபில் போடுகிறவர்கள் பெரும்பாலும் ஓர் இடத்தில் ஏமாறுகிறார்கள். 'அன்லிஸ்டட்' என்று வைத்தால் தேடலில் வராது, உண்மை. ஆனால் லிங்க் கையில் இருக்கிற எவரும் பார்க்கலாம். லிங்க்கும் பென் டிரைவ் மாதிரிதான், கை மாறும். 'பிரைவேட்' என்று வைத்து, குறிப்பிட்ட மின்னஞ்சல்காரர்களை மட்டும் அழைப்பதுதான் கொஞ்சமாவது கதவு.

இன்னொரு சங்கடம் இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. பள்ளியின் வீடியோவை மற்றவர் காப்பி எடுக்கிறார் என்று குறைப்படும் முன், அந்த வீடியோவுக்குள் என்ன பாட்டு ஓடுகிறது? அம்மையார் நாடகம் என்றால், பெரும்பாலும் 1973-ல் ஏ.பி.நாகராஜன் இயக்கிய 'காரைக்கால் அம்மையார்' படத்தின் பாட்டைத்தான் பின்னால் ஓட விடுவார்கள். கே.பி.சுந்தராம்பாள் குரல் கேட்டால் கூட்டம் தன்னால் கை கூப்பும். ஆனால் நம் 1957-ம் வருட பதிப்புரிமைச் சட்டப்படி சினிமாவுக்கு 60 வருடப் பாதுகாப்பு உண்டு. அந்தப் படத்துக்கு அது 2033 முடிய இருக்கிறது. இசையமைத்த குன்னக்குடி வைத்தியநாதன் 2008-ல் மறைந்தார். மெட்டின் உரிமை அதிலிருந்து 60 வருடம் ஓடும்.

பயப்பட வேண்டாம். பள்ளி நடத்தும் நிகழ்ச்சியில், ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர், பள்ளியோடு சம்பந்தப்பட்டவர்கள் மட்டும் பார்க்கும்போது அந்தப் பாட்டுக்கு ஆடலாம் என்று அதே சட்டத்தின் 52-ம் பிரிவு விலக்குத் தருகிறது. அந்த விலக்கு மேடைக்குத்தான். பதிவு செய்து விலைக்கு விற்றால் அது கூட வராது. யூடியூபில் ஏற்றினால் பாட்டை அங்குள்ள கருவியே கண்டுபிடித்து, சத்தத்தை நிறுத்திவிடும், அல்லது விளம்பரக் காசைப் பாட்டுக் கம்பெனிக்கு அனுப்பிவிடும்.

இதற்குத் தீர்வு அந்த ஊரிலேயே இருக்கிறது. அம்மையார் பாடிய அற்புதத் திருவந்தாதியில் 101 வெண்பா. ஆயிரம் வருடத்துக்கும் மேற்பட்ட பாட்டு, யாருக்கும் காசு கட்ட வேண்டாம். பள்ளியின் பாட்டு டீச்சர் மெட்டுப் போட்டு, பிள்ளைகளே பாடினால், அந்தப் பதிவு பள்ளிக்கே சொந்தம். பாரதியார் பாட்டும் அப்படியே. பாரதி பாட்டின் சினிமா உரிமை ஒரு காலத்தில் ஏவி.மெய்யப்பச் செட்டியார் கையில் இருந்து, 'பில்ஹணன்' படத்தில் டி.கே.எஸ். சகோதரர்கள் பாரதி பாட்டைச் சேர்த்தது வழக்கு வரை போனது. 1949-ல் சென்னை மாகாண அரசு உரிமையை எடுத்துக்கொண்டு, பிறகு 1955-ல் எல்லோருக்கும் பொதுவாக்கியது. பாட்டுதான் பொது. இன்றைக்குப் பாடகர் ஒருவர் பாடி வெளியிட்ட பதிவு அவருடையதோ அவர் கம்பெனியுடையதோதான். இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சரி, வீடியோ யாருக்குச் சொந்தம்? ஸ்டூடியோக்காரருக்குப் பள்ளி பணம் கொடுத்து எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை பள்ளிக்கு. ஆனால் இலவசமாக எடுத்துத் தந்த அப்பா இருக்கிறாரே, அது அவருக்கே சொந்தம். அன்பால் எடுத்தார், நாளைக்கு மனஸ்தாபம் வந்தால்? ஒரு தாளில் எழுதி வாங்கிவிடுவது நல்லது. அதில் காலமும் இடமும் குறிப்பிட வேண்டும். எழுதாவிட்டால் சட்டம் அதை 5 வருடம் என்றும், இந்தியாவுக்குள் மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளும். பாரிஸில் பாதி சொந்தக்காரர்கள் இருக்கிற காரைக்கால் பள்ளிக்கு அது போதாது.

யாராவது முழு வீடியோவையும் தன் சேனலில் போட்டுப் பார்வை சேர்த்தால், எழுத்தில் புகார் கொடுக்கலாம். புகார் வந்தால் 36 மணி நேரத்துக்குள் தளம் நடவடிக்கை எடுக்க வேண்டும், 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் திரும்பப் போட்டுவிடலாம் என்று 2013-ம் வருட விதிகள் சொல்கின்றன. கேமராவில் எடுத்த அசல் ஃபைலை அழிக்காமல் வைத்திருந்தால் அதுவே சாட்சி. பதிவு செய்தால்தான் உரிமை என்பதில்லை.

காசு போனால் போகட்டும். ஒரு பெண் குழந்தை ஆடியதை இருபது விநாடி வெட்டி, ஆபாசப் பாட்டைச் சேர்த்து ரீல்ஸ் போடுகிறவன் இருக்கிறான். அங்கே பதிப்புரிமை பேசிக்கொண்டு நேரம் கடத்தக் கூடாது. ஸ்கிரீன் ஷாட் எடுத்து, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் காவல் நிலையத்திலும் அன்றே சொல்ல வேண்டும். 1098 குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே, தன் பிள்ளை படம் வெளியே போக வேண்டாம் என்கிற அம்மாவை "எல்லாரும் சரின்னாங்க, உங்களுக்கு மட்டும் என்ன?" என்று கேட்கக் கூடாது. அந்தப் பிள்ளை ஆடட்டும். கேமரா வேறு பக்கம் திரும்பட்டும்.

வீடியோவை விட்டால் பணத்துக்கு வழியே இல்லையா என்ன? தமிழ்நாட்டுக் கிராமங்களில் அரசுப் பள்ளிக்குக் 'கல்விச் சீர்' கொண்டுபோவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் மேளதாளத்தோடு தட்டில் பேனா, நோட்டு, தலைமேல் நாற்காலி, பீரோ, மின்விசிறி. அதில் பணம் கை மாறுவதில்லை, பொருளே வருகிறது. ஆகவே "கணக்கு எங்கே?" என்ற பேச்சுக்கு இடமில்லை. கதவு வேண்டுமா, கதவையே தூக்கிக்கொண்டு வரலாம். அம்மாக்கள் வடகம், பொடி, ஊறுகாய் கடை போட்டாலும் நன்றாக ஓடும். யார் கேட்டாலும் கட்டாயம் என்ற சொல் மட்டும் வரக் கூடாது. பிள்ளையைச் சேர்ப்பதற்கு நன்கொடை கேட்பது 2009 கல்வி உரிமைச் சட்டப்படி குற்றம்.

அந்தப் பள்ளி அடுத்த வருடம் மறுபடி நாடகம் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வாசலில் ஒரு மேஜை, மேலே மொய் நோட்டு. வருகிறவர்கள் எழுதிவிட்டு உள்ளே போகிறார்கள். வெளிநாட்டுத் தாத்தாவின் பெயரை மகள் எழுதுகிறாள். வீடியோவை விலை வைக்காமல், மொய் எழுதிய வீடுகளுக்குப் பெயர் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். நாடகத்தில் பரமதத்தன் வாங்கிய இரண்டாவது மாம்பழம் கையில் வைத்ததும் மறைகிற காட்சிக்கு, மேடைக்குக் கீழே ஒளிந்திருக்கும் பையன் நூலை இழுக்கிறான். சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆகிறது.