ஹங்கேரியில் ஜார் படை: வெற்றி மறைத்த பலவீனம்

1849 மே 21. ஆஸ்திரியாவின் 18 வயதுப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப், வார்சாவில் ரஷ்ய ஜார் முதலாம் நிக்கோலஸைச் சந்தித்துப் படை உதவியை உறுதிசெய்துகொண்டார். ஏப்ரலில் கோசுத் தலைமையில் ஆஸ்திரியாவிடமிருந்து சுதந்திரம் அறிவித்திருந்த ஹங்கேரியர்கள், அதே நாளில்தான் புடா கோட்டையை மீட்டார்கள்.

ஜார் தயங்கவில்லை. பெம், டெம்பின்ஸ்கி என்று 1831-ல் ரஷ்யாவை எதிர்த்து வார்சாவில் தோற்ற போலந்துத் தளபதிகள் ஹங்கேரியப் படையில் இருந்தார்கள். ஹங்கேரி வென்றால் போலந்தும் எழும் என்று அவர் அஞ்சினார். அதனால் அன்று வார்சாவைப் பிடித்துக்கொடுத்த பாஸ்கேவிச்சையே இப்போதும் தளபதியாக்கினார். மூன்று படைப்பிரிவுகளுடன் அவர் கார்பாத்திய மலையைத் தாண்ட, இன்னொரு ரஷ்யத் தளபதி லூடர்ஸ் வலாக்கியாவிலிருந்து திரான்சில்வேனியாவுக்குள் நுழைந்தார். ரஷ்யத் தளபதி பன்யூட்டினின் ஒரே ஒரு டிவிஷன் மட்டும் ரயிலேறிப் போய் ஆஸ்திரியத் தளபதி ஹைனாவுடன் சேர்ந்தது. மொத்தம் ஏறக்குறைய 2 லட்சம் பேர்.

இந்தப் பெரும்படைதான் ஹங்கேரியை நசுக்கியது என்பார்கள். பாதிதான் சரி. பாஸ்கேவிச்சின் பிரதானப் படை ரொட்டிக்கும் வண்டிக்கும் காத்திருந்தே பாதிக் கோடையைக் கழித்தது. ஆஸ்திரியா தருவதாகச் சொன்ன உணவும் தீவனமும் ஒழுங்காக வந்து சேரவில்லை. ஜூலையில் வாட்ஸ் நகரருகே பல மடங்கு சிறிய படையுடன் வந்த ஹங்கேரியத் தளபதி கோர்கெய், மோதிப் பார்த்துவிட்டு வடக்கே சுற்றி நழுவிவிட்டார். அவரைப் பிடிக்க முடியவில்லை. போரில் இறந்த ரஷ்யர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. காலராவும் பிற நோய்களும் கொண்டுபோனவர்கள் 10,000-க்கும் மேல். அணிவகுப்பில் கண்ணைப் பறித்த ராணுவத்துக்குச் சிப்பாயின் வயிற்றையும் குடிநீரையும் கவனிக்கத் தெரியவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இரு பேரரசுகளுக்கும் பொதுத் தலைமை இருக்கவில்லை. ரஷ்யர்கள் பெயர் தட்டிக்கொண்டு போவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஹைனாவ் தெற்கே விரைந்து, ஆகஸ்ட் 9-ல் டெமெஷ்வாரில் வென்றார். அங்கும் பன்யூட்டினின் வீரர்கள் உடனிருந்தார்கள். ஆனால், நான்கு நாள் கழித்து விலாகோஷில் கோர்கெய் ஆயுதங்களை வைத்தது ரஷ்யத் தளபதி ரூடிகரிடம். ஆஸ்திரியர் முன் மண்டியிட அவருக்கு மனமில்லை. வியன்னா அந்த அவமானத்தை மறக்கவில்லை. கோர்கெயின் உயிர் மட்டும் ஜாரின் பரிந்துரையால் தப்பியது; மற்றத் தளபதிகளில் 13 பேருக்கு அக்டோபர் 6-ல் அராடில் மரண தண்டனை நிறைவேறியது.

வென்ற படையிடம் யார் கணக்கு கேட்பார்கள்? ரொட்டியும் வண்டியும் மருத்துவமும் பட்ட பாடு வெற்றிக் களிப்பில் மறந்துபோனது. ஐந்தாண்டுக்குள் துருக்கியுடன் போர் மூண்டபோது டான்யூப் கரையிலும் அதே பாஸ்கேவிச்தான். எல்லையில் படை குவித்துக்கொண்டு, ரஷ்யா பிடித்துவைத்திருந்த வலாக்கியாவையும் மால்டேவியாவையும் காலி செய்யச் சொன்னது ஆஸ்திரியா. 1854 ஜூனில் சிலிஸ்திரா முற்றுகையைக் கைவிட்டு ரஷ்யர்கள் பின்வாங்கினார்கள். அவர்கள் விட்டுப்போன இடங்களுக்குள் பிரான்ஸ் ஜோசப்பின் சிப்பாய்கள் நுழைந்தார்கள்.