இழுத்தால் வர வேண்டும், இடித்தால் நிற்க வேண்டும்

கையில் ரம்பமும் சுத்தியலும் உள்ள மனிதனுக்குக் கடையில் எதைப் பார்த்தாலும் ஒரு கேள்வி எழும்: "இதை நானே செய்துவிட மாட்டேனா?" நல்ல கேள்விதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு அடுத்தபடியாக இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: "நான் செய்தது எப்போது உடையும்? உடைந்தால் யார் தலையில் விழும்?" இந்த இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான் இன்று எழுத வந்தேன்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மோட்டார் வேனையே வீடாக்கிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள் ஏராளம். அவர்களில் பலருக்குச் சைக்கிள் பைத்தியமும் உண்டு. மலைப் பாதையில் ஓட்டுவதற்கென்றே செய்த விலை உயர்ந்த சைக்கிள்களை வேனில் ஏற்றிக்கொண்டு போவார்கள். வேனின் பின்பக்கம் படுக்கை. படுக்கைக்கு அடியில் சைக்கிள். ஒவ்வொரு தடவையும் மண்டியிட்டுத் தவழ்ந்து போய் அதை எடுக்க முடியுமா? ஆகவே மேஜை டிராயரைப் போல ஒரு பெரிய இழுப்புத் தட்டைச் செய்து, அதன்மேல் சைக்கிள்களை நிறுத்திவிடுகிறார்கள். பின்கதவைத் திறந்து இழுத்தால் சைக்கிள்கள் வெளியே வரும். தள்ளினால் உள்ளே போகும். இந்தத் தட்டைப் பலர் தங்கள் கையாலேயே செய்துகொள்கிறார்கள்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை வீட்டில் செய்வது சரி. ஆனால் செய்கிறவர்களின் கவனமெல்லாம் தட்டு நகர்வதில் இருக்கிறது; அது நிற்பதில் இல்லை. அங்கேதான் அபாயம் இருக்கிறது.

பெட்டி வண்டியின் கதை

வேனுக்குள் குடியிருக்கும் ஆசை இன்று நேற்று வந்ததல்ல. 1947-ஆம் ஆண்டில் பென் பான் என்ற டச்சு வியாபாரி ஜெர்மனியிலுள்ள வோல்க்ஸ்வாகன் தொழிற்சாலைக்குப் போனார். அங்கே உதிரிப் பாகங்களைச் சுமந்து செல்லும் ஒரு தட்டு வண்டியைப் பார்த்தார். உடனே தம் குறிப்புப் புத்தகத்தில் பெட்டி போன்ற ஒரு வண்டியைக் கிறுக்கினார். அந்தக் கிறுக்கல் 1950-இல் வேனாக வெளிவந்தது. மறு வருஷமே, அதாவது 1951-இல், வெஸ்ட்பாலியா என்ற கம்பெனி அதற்குள் வைக்கும் படுக்கைப் பெட்டியைச் செய்துவிட்டது! பிறகு பிரிட்டனில் 1965-இல் போர்டு டிரான்சிட் வந்தது. 1995-இல் மெர்சிடிஸ் ஸ்பிரிண்டர் வந்தது. வண்டி பெரிதாகப் பெரிதாக மனிதனின் ஆசையும் பெரிதாயிற்று. படுக்கை வந்தது, அடுப்பு வந்தது, கடைசியில் சைக்கிளும் வந்தது.

கடையில் வாங்கினால் என்ன?

"ஆயத்தமாகச் செய்த தட்டுகள் விற்கின்றனவே, வாங்கிப் போட்டால் என்ன?" என்று கேட்கலாம். பணம் இருந்தால் வாங்கலாம். ஆனால் ஒவ்வொரு வேனும் ஒரு விதம், ஒவ்வொரு சைக்கிளும் ஒரு விதம். பியட் டுகாட்டோ வேனை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே அகலம் 187 சென்டிமீட்டர். அதை நம்பித் தட்டைச் செய்தால் அது உள்ளே போகாது. ஏனென்றால் பின்சக்கரங்களுக்கு மேலே உள்ள வளைவுகள் இரண்டு பக்கமும் உள்ளே புடைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு நடுவே இருப்பது 142 சென்டிமீட்டர்தான்.

இனி சைக்கிளைப் பாருங்கள். மலைச் சைக்கிளின் ஹேண்டில்பார் சாதாரணமாக 76 முதல் 80 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். இரண்டை அருகருகே நிறுத்தினால் 160 சென்டிமீட்டர் வேண்டும். வேனின் சுவரில் பலகை அடித்து, அலமாரியும் வைத்துவிட்டால் அவ்வளவு இடம் எங்கே இருக்கும்? ஆகவே ஒன்றை முன்பார்த்தும் மற்றதைப் பின்பார்த்தும் நிறுத்த வேண்டும். அப்போது ஒன்றின் ஹேண்டில்பார் மற்றதன் ஆசனத்துக்கு மேலே போய்விடும், அகலம் மிச்சமாகும். இந்த நெளிவு சுளிவெல்லாம் அளவுக்கோலைப் பிடித்துக்கொண்டு வேனுக்குள் குந்தி உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும். எங்கோ ஒரு தொழிற்சாலையில் அச்சு அடித்தாற்போல் செய்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டால் இன்னும் சௌகரியம். சைக்கிள் நீளத்தில் குறைவதோடு, ஹேண்டில்பாரும் தாழ்ந்துவிடும். படுக்கையை அவ்வளவு உயரத்தில் போட வேண்டியதில்லை. ஸ்பானர் இல்லாமல் நெம்பு ஒன்றைத் திருப்பிச் சக்கரத்தைக் கழற்றும் வசதியை உலகுக்குக் கொடுத்தவர் இத்தாலியரான டுல்லியோ கம்பக்னோலோ. சைக்கிளின் போர்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிடிகள் கடையில் கிடைக்கின்றன. ஆனால் பார்த்து வாங்க வேண்டும். பழைய வகைச் சைக்கிளில் முன் அச்சு 9 மில்லிமீட்டர், போர்க்கின் அகலம் 100 மில்லிமீட்டர். புதியவற்றில் அச்சு 12 அல்லது 15 மில்லிமீட்டர். சிலவற்றில் போர்க்கின் அகலமே 110. ஒன்றுக்கு வாங்கியது மற்றொன்றுக்குச் சேராது. ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளில் சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் கட்டைகளின் நடுவே ஒரு சிறு துண்டைச் செருகி வைப்பது நல்லது. இல்லாவிட்டால், தவறிப் பிரேக்கை அழுத்தியதும் கட்டைகள் ஒட்டிக்கொண்டு, சக்கரம் மறுபடி நுழையாது.

நகர்வது சுலபம்

தட்டு நகர்வதற்கு வழிகள் பல. 227 கிலோ வரை தாங்கும் என்று முத்திரை குத்திய கனமான எஃகு டிராயர்ச் சட்டங்கள் கிடைக்கின்றன. சிக்கனக்காரர்கள் குழந்தைகளின் ஸ்கேட்டில் இருக்கும் சின்ன பேரிங்குகளை வரிசையாகப் பொருத்தி, அலுமினிய ஆங்கிளில் ஓட விடுகிறார்கள். அதுவும் வேண்டாம் என்பவர்கள் வழவழப்பான பிளாஸ்டிக் பட்டையின்மேல் தட்டைச் சறுக்க விடுகிறார்கள். எல்லாமே வேலை செய்யும். எது உயர்ந்தது என்று சண்டை போடுவது வீண்.

ஆனால் இழுத்த தட்டு என்ன ஆகிறது என்று யோசிக்க வேண்டும். தட்டின் நீளம் 150 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சைக்கிள் 30 கிலோ. 18 மில்லிமீட்டர் பிளைவுட்டும் இரும்பும் சேர்ந்து 20 கிலோ. மொத்தம் 50 கிலோ. அதில் 100 சென்டிமீட்டரை வெளியே இழுத்தால் தட்டின் உள்முனை மேலே எழும்பப் பார்க்கும். எவ்வளவு பலத்துடன்? 25 கிலோ. அது பெரிதல்ல. ஆனால் 40 கிலோ எடையுள்ள ஒரு பையன் வெளிமுனையில் குதித்து உட்கார்ந்தால்? வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பலகையைக் கண்டால் எந்தப் பையன் உட்காராமல் இருப்பான்? அப்போது உள்முனை 105 கிலோ பலத்துடன் எழும்பும். குதித்த வேகத்தில் இன்னும் அதிகமாகும். அதை மேலிருந்து அமுக்கிப் பிடிக்க ஏற்பாடு இல்லாவிட்டால், தட்டும் சைக்கிளும் பையனும் தரையில் கிடப்பார்கள்.

நிற்பதுதான் கஷ்டம்

இனிதான் முக்கியமான விஷயம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வேன் எதன்மீதோ மோதி, முன்பக்கம் நசுங்கி, அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்தக் கணத்தில் வேனுக்குள் உள்ள ஒவ்வொரு சாமானும் தன் எடையைப் போல் ஏறக்குறைய 20 மடங்கு பலத்துடன் முன்னால் பாயும். 15 கிலோ சைக்கிள் 300 கிலோவாகும். 50 கிலோ தட்டு ஒரு டன்னாகும். முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? செய்தவனும் அவன் மனைவியும் மக்களும்தான்.

சரக்கைக் கட்டுவதற்கு ஐரோப்பாவில் ஈ.என். 12195 என்று ஒரு தரவிதி இருக்கிறது. சாலையில் போகும் சரக்கு முன்பக்கமாக அதன் எடையில் பத்தில் எட்டுப் பங்கு பலத்தையும், பக்கவாட்டிலும் பின்பக்கமும் பாதி எடையளவு பலத்தையும் தாங்க வேண்டும் என்று அது சொல்கிறது. பலமாகப் பிரேக் போடுவதற்கும் வளைவில் திரும்புவதற்கும் அது சரி. மோதலுக்கு அது போதாது. சரக்கு வண்டியில் சரக்கு வேறிடத்தில், மனிதர்கள் வேறிடத்தில். நடுவே பெரும்பாலும் தடுப்புச் சுவர் உண்டு. வீடாக்கிய வேனில் அந்தச் சுவரை முதல் வேலையாகப் பிடுங்கி எறிந்துவிடுகிறார்களே!

"கனமான போல்ட் போட்டிருக்கிறேன், பயமில்லை" என்பார்கள். வாஸ்தவம். 8.8 என்று தலையில் பொறித்த 8 மில்லிமீட்டர் எஃகு போல்ட் ஒன்றே ஒரு டன்னுக்கு மேல் தாங்கும். ஆனால் அந்தப் போல்ட் எதைப் பிடித்திருக்கிறது? வேனின் தரை ஒரு மில்லிமீட்டர் அளவே கனமுள்ள தகடு. போல்ட் முறியாது, தகடு கிழிந்து போல்ட் அப்படியே வெளியே வந்துவிடும். தரைப் பலகையில் மட்டும் ஸ்குரூ முடுக்கியிருந்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே தரைக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு இரும்புத் தகடு கொடுத்துப் போல்டை முடுக்க வேண்டும். சரக்குக் கட்டுவதற்கென்று கம்பெனியே பொருத்திய வளையங்களின் இடத்தைப் பிடித்துக்கொள்வது அதைவிட உத்தமம். துளை போடுமுன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பது அவசியம். பெட்ரோல் தொட்டி, பிரேக் குழாய், மின்கம்பி எல்லாம் அங்கேதான் போகின்றன. பல மின்சார வேன்களில் பேட்டரியே தரைக்கு அடியில்தான் இருக்கிறது. போட்ட துளைக்குத் துருப் பிடிக்காமல் வர்ணமும் பூச வேண்டும்.

இவ்வளவும் செய்துவிட்டுக் கடைசியில் தாழ்ப்பாளில் கோட்டை விடுகிறார்கள். ஒரு டன் பலத்தை நிறுத்த வேண்டிய இடத்தில் ஜன்னலுக்குப் போடும் சின்னத் தாழ்ப்பாள்! தரையில் நான்கு போல்ட் போட்டுப் பயன் என்ன? சட்டம் தரையோடு இருக்கும். தட்டு மட்டும் பறந்து வரும். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள்.

தேர் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. ஊரே கூடி வடம் பிடித்துத் தேரை இழுக்கிறது. ஆனால் அதைத் திருப்புகிறவனும் நிறுத்துகிறவனும் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுகிற ஆள். "முட்டுக்கட்டை போடாதே" என்று நாம் பேச்சில் திட்டுகிறோம். தேரோட்டத்தில் அவன் இல்லாவிட்டால் தெருவில் ஒரு வீடும் மிஞ்சாது. நகரும் பொருளைச் செய்கிறவன் எவனும் அந்த ஆளை மறக்கக் கூடாது.

ஆகவே என் யோசனை இது. தட்டு முன்னால் போகாமல் தடுக்க, தாழ்ப்பாளை நம்பாமல், தரையோடு முடுக்கிய கனமான இரும்புத் தடுப்பு ஒன்று வேண்டும். பின்னால் வராமல் இருக்க இரண்டு தாழ்ப்பாள்கள் வேண்டும். ஒன்று கழன்றால் மற்றது பிடிக்கும். மேட்டில் நிறுத்திய வேனின் கதவைத் திறந்ததும் 50 கிலோ தட்டு வயிற்றில் இடித்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வெளியே இழுத்த நிலையிலும் தானாக உள்ளே ஓடாதபடி ஒரு பூட்டு வேண்டும். சைக்கிளையும் போர்க் பிடியை மட்டும் நம்பி விடாமல், பின்சக்கரத்தோடு சேர்த்து லாரிக்காரர்கள் சரக்கை இறுக்கும் பட்டையால் கட்ட வேண்டும்.

இழுப்புத் தட்டே வேண்டுமா?

சிலர், "இந்த வம்பே வேண்டாம், சைக்கிளை வேனுக்கு வெளியே பின்னால் மாட்டிவிடலாமே" என்பார்கள். மாட்டலாம். ஆனால் மழையிலும் புழுதியிலும் அது நனைந்து கெடும். பனிக் காலத்தில் சாலையில் தூவும் உப்பு அரிக்கும். திருடனுக்கு அது விருந்து. நம்பர் பலகையும் விளக்கும் மறைந்தால் பல நாடுகளில் அது குற்றம். ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: உள்ளே சரியாகக் கட்டாத சைக்கிளைவிட வெளியே சரியாக மாட்டிய சைக்கிள் மேல்.

அதுபோலவே, ஒரே ஒரு சைக்கிள்தான், நிறுத்தக் கதவோரத்தில் இடமும் இருக்கிறது என்றால், நகரும் தட்டே தேவையில்லை. தரையில் ஒரு பிடியைப் பலமாக முடுக்கிவிட்டால் போதும். நகராத பொருளில் கெட்டுப்போக ஒன்றும் இல்லை. எடையும் மிச்சம். ஐரோப்பாவில் சாதாரணக் கார் லைசென்சுடன் ஓட்டக்கூடிய வண்டிக்கு மொத்த எடை 3,500 கிலோ என்று வரம்பு இருக்கிறது. கட்டில், தண்ணீர்த் தொட்டி, அலமாரி என்று ஏற்றிக்கொண்டே போனால் அந்த வரம்பு கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். அவசியம் இருந்தால் செய், பெருமைக்காகச் செய்யாதே.

செய்து முடித்தவர்கள் பிரயாணம் புறப்படுமுன் ஒரு பரீட்சை வைக்க வேண்டும். தட்டை உள்ளே தள்ளிப் பூட்டிவிட்டு, இரண்டு பேர் சேர்ந்து தங்கள் பலம் கொண்ட மட்டும் முன்னும் பின்னும் உலுக்கிப் பார்க்கட்டும். அந்த உலுக்கலுக்கே ஆடுகிற தட்டு மோதலில் நிற்காது. நூறு மைல் ஓடியபிறகு ஒவ்வொரு நட்டையும் மறுபடி முடுக்கிப் பார்க்கட்டும். ஓட்டத்தில் புதிதாகக் கடகடவென்று சத்தம் கேட்டால் ரேடியோவைக் கூட்டி வைத்து மறைக்காமல், வண்டியை ஓரம் கட்டிப் பார்க்கட்டும்.

கைவேலை பெருமைக்குரியது. காசு கொடுத்து வாங்கிய சாமானில் வராத திருப்தி நம் கையால் செய்ததில் வருகிறது. ஆனால் அதற்கு உத்தரவாதம் கொடுக்க எந்தக் கம்பெனியும் இல்லை, செய்தவனேதான் உத்தரவாதம். தட்டு எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்று நண்பர்களுக்கு இழுத்துக் காட்டுவதற்கு முன்னால், முன் ஆசனத்தில் உட்காரப் போகிற பிள்ளையை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தாழ்ப்பாளைத் தேர்ந்தெடுங்கள்.