அடியில் விட்ட இடம்



குரங்கணிப் பக்கத்து மலைச்சரிவில் ஏலத்தோட்டத் தொழிலாளரின் இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போதெல்லாம் அவர்தம் சுவர்களை உற்றுநோக்குவது என் வழக்கம். திரு இருதய ஆண்டவர் படம் இல்லாத கத்தோலிக்க இல்லம் அங்கே அரிது. பெரும்பாலும் அது பழைய நாட்காட்டிப் படமே. மேலே ஆண்டவர், அடியில் போடியிலுள்ள ஏதோ ஓர் ஏலக்காய்க் கடையின் பெயர் இருந்திருக்கும். ஆண்டு முடிந்ததும் இல்லத்தலைவி கடைப்பெயரைக் கத்தரித்து நீக்கிவிட்டு, படத்தை மட்டும் சட்டமிட்டு மாட்டிவிடுகிறார்.

இதனை எங்கள் பங்கின் முதிய ஓவியரிடம் கூறியபோது அவர் சிரித்தார். “வெட்டினாலும் படம் கெடாதபடிதானே சாமி, அந்த இடத்தை விட்டு வரைந்தார்கள்!” என்றார். கடைப்பலகையும் சுவர் விளம்பரமும் எழுதியே நான்கு பிள்ளைகளைக் கரையேற்றியவர் அவர். ஆகவே விளம்பரத்தின்மேல் அவருக்குப் பகை ஏதுமில்லை.

நாட்காட்டி ஓவியர்களுள் முதன்மையானவர் கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, திருவண்ணாமலையில் ரமணரின் ஆசிரமத்தில் தங்கி, நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை தீட்டி, இறுதியில் கோவில்பட்டியில் நிலைத்தவர். அவரும் அவர்தம் மாணாக்கரும் தீட்டிய தெய்வ உருவங்களைச் சிவகாசி அச்சகங்கள் ஏராளமாக அச்சிட்டன. ஒரே உருவத்தைப் பின்னணி மாற்றி, அணிகலன் மாற்றி, மீண்டும் மீண்டும் திருத்தி வரைந்தார்கள். வணிகரின் பெயர் மட்டும் தன் எல்லையைத் தாண்டவில்லை. இன்றோ, கைபேசியில் செபமாலை ஒலிக்கும்போதே மூன்றாம் மறைபொருளுக்கும் நான்காம் மறைபொருளுக்கும் நடுவே மூட்டுவலித் தைலம் வந்து நிற்கிறது!

திருத்தம் என்றதும் இறை இரக்கத்தின் ஆண்டவர் படம் நினைவுக்கு வருகிறது. போலந்து ஓவியர் அடால்ஃப் ஹிவா, கிராக்கோவ் மடத்துச் சிற்றாலயத்திற்காக அதனைத் தீட்டினார். 1944-இல் அது மந்திரிக்கப்பட்டது. அப்போது ஆண்டவருக்குப் பின்னால் புல்வெளியும் செடிகளும் இருந்தன. 1950-களில் அவரே அவற்றின்மேல் கருவண்ணம் பூசி மறைத்து, திருப்பாதங்களின் கீழ் வெறுந்தரையை வரைந்தார். வரைந்ததை அழிக்க ஓவியனுக்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும்!

சென்ற ஆண்டுத் திருவிழாவுக்கு நம் ஓவியர் புனித அந்தோணியாரைப் பலகையில் தீட்டினார். கண்ணை மட்டும் நான்கு முறை அழித்தார். “குழந்தை இயேசுவைப் பார்க்க வேண்டியவர் என்னைப் பார்க்கிறாரே, சாமி” என்பது அவர் கவலை. கொடியேற்றத்தன்று காலையில் உபயகாரர் ஒருவர் 20 அடி நீளப் பிளக்ஸ் பதாகையைக் கோயில் முகப்பில் கட்டிவிட்டார். அவர் குடும்பத்தார் அனைவரும் அதில் கைகூப்பி நிற்க, புனிதரோ மூலையில் தபால்தலை அளவில் ஒதுங்கியிருந்தார். ஓவியரின் பலகை அதன் பின்னே மறைந்துபோயிற்று. நான் வாய் திறக்கவில்லை. சப்பரச் செலவில் பாதியை ஏற்றவரிடம் என்ன சொல்வது என்ற கோழைத்தனமே காரணம். முதியவர் முற்றத்தில் நின்று சற்று நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, திருப்பலிக்கு உள்ளே சென்று அமர்ந்தார்.

இவ்வாண்டுத் திருவிழா நெருங்குகிறது. உபயகாரரின் இல்லத்திற்கு நானே சென்றேன். பதாகை வேண்டாம், பலகையின் அடியில் ஒரு சாண் உயரத்தில் அவர் பெயரை எழுதிவிடலாம் என்றேன். அவர் முகம் சுருங்கிற்று. “யோசித்துச் சொல்கிறேன், ஃபாதர்” என்றார்.

ஓவியர் பலகையை இறக்கி வைத்து, கண்ணை ஐந்தாம் முறையாக அழித்துக்கொண்டிருக்கிறார். அடியில் ஒரு சாண் இடம் விடும்படி அவரிடம் சொல்லியிருக்கிறேன்.